கொரோனாவுக்குப் பயந்து கீமோவை விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. 2021 ஓகஸ்ட் 20 இரவு இலங்கையில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டதிலிருந்து, வீட்டில் கான்சர் நோயாளி ஒருவரை வைத்திருக்கும் குடும்பங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. வெளியே போனால் கொரோனா பயம், போகாமல் இருந்தால் நோய் பயம். அதனால் சமையல், பிள்ளை வளர்ப்புக் கேள்விகளையெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே தருகிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டொக்டர் இல்லை, கான்சர் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நான் சொல்ல முடியாது. எப்போது, யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, அம்மாவுக்கு 61 வயது. மார்பகக் கான்சர். ஒப்பரேஷன் முடிந்து மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றுகிறார்கள். நாலாவது கீமோ வரும் வாரம். எங்கள் தொடர்மாடியில் கீழ் வீட்டில் மூன்று பேருக்கு கொரோனா. பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. அண்ணா, "லொக்டவுன் முடியட்டும், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது" என்கிறார். அம்மாவும் அதற்குச் சம்மதம். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. – மகள், கொட்டாஞ்சேனை

உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. அண்ணா அம்மாமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை, ஆனால் ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்பதை அண்ணாவோ நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. அம்மாவின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து, கட்டி எந்த வகை, எவ்வளவு பரவியிருந்தது, இந்தக் கீமோ எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்த டொக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும். சிலருக்கு இரண்டு வாரம் தள்ளினால் ஒன்றும் கெடாது. சிலருக்கு அந்த இரண்டு வாரமே பெரிது. ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் கீமோ, உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் கலங்களை அழிப்பதற்காகக் கொடுப்பது. அந்தக் கலங்கள் ஊரடங்கு முடியும்வரை காத்திருக்கப் போவதில்லை.

2020 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் பெரிய ஆய்வு வந்தது. ஏழு வகைக் கான்சர்களில் சிகிச்சை பிந்தினால் என்ன ஆகிறது என்று முன்பு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் இறக்கும் அபாயம் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டார்கள். அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். கொரோனா தொற்றிய 800 கான்சர் நோயாளிகளை 2020இல் பிரித்தானியாவில் கவனித்துப் பார்த்தபோது, முந்திய நான்கு வாரத்துக்குள் கீமோ எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக இறந்ததாகத் தெரியவில்லை. வயதும் ஏற்கெனவே இருந்த வேறு நோய்களும்தான் முக்கியமாக இருந்தன. அதற்காகக் கீமோ எடுப்பவர் பயமில்லாமல் திரியலாம் என்று அர்த்தமில்லை, இரத்தக் கான்சர்காரர்களின் கதையும் வேறு. ஆனாலும் "கீமோ ஏற்றினால் கொரோனா வந்து செத்துவிடுவோம்" என்று எல்லாரும் பேசிக்கொள்வது அந்த அளவுக்கு உண்மையில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக் காலையே கிளினிக் கொப்பியில் இருக்கும் நம்பருக்கு எடுங்கள், லைன் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப எடுங்கள். கிடைத்ததும், "அம்மாவுக்கு நாலாவது கீமோ, இன்ன திகதி, கீழ் வீட்டில் கொரோனா, அம்மாவுக்குக் காய்ச்சல் இருமல் இல்லை, வரலாமா" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கீழ் வீட்டு விஷயத்தை மறைக்க வேண்டாம். தேவையென்றால் முதலில் டெஸ்ட் ஒன்று எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். கீமோவுக்கு முந்திய இரத்தப் பரிசோதனையை வீட்டுக்குப் பக்கத்து லாப் ஒன்றில் முதல் நாளே செய்து, முடிவைப் போனில் சொல்லலாமா என்றும் கேளுங்கள். இரத்தத்தில் வெள்ளை அணு போதாது என்று அங்கே போன பிறகு திருப்பி அனுப்பினால் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போன பயணம் வீண், ஓட்டோக் காசும் வீண், அம்மாவும் களைத்துவிடுவார்.

வைத்தியத்துக்குப் போவதை ஊரடங்கு தடுக்காது. கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், பொலிஸ் மறித்தால் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். வழக்கமாகப் போகும் ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து, மாஸ்க் போடச் சொல்லி, இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டி, காற்றோட்டமாகப் போங்கள். மழை வந்தாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். அம்மாவோடு ஒருவர் போதும், நீங்களோ அண்ணாவோ, யார் வெளியில் குறைவாகத் திரிகிறீர்களோ அவர். அங்கே நெருக்கியடித்துக் கொண்டிருக்கும் வாங்கில் போய் உட்காராமல், நம்பரை எடுத்துவிட்டு வெளியில் மர நிழலில் நின்றால் மிஸிமார் (தாதிமார்) கோபிக்க மாட்டார்கள், கூப்பிடும்போது கேட்கும் தூரத்தில் இருந்தால் சரி.

என் மனைவிக்கு இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்தாம் நாள் இரவு 101 காய்ச்சல் காய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா என்று எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாசலில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிவிடுவார் என்று பயந்து இரண்டு பனடோல் கொடுத்தேன். விடியக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது சுகமாக இருக்கிறார். இனியும் இப்படி வந்தால் பனடோல் போதுமா? – வாசகர், வத்தளை

போதாது தம்பி. உங்கள் மனைவி தப்பியது பெரிய காரியம். இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை நித்திரை கொள்ள விடாதது உங்களுடையதுதான்.

கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைதான் பெரும்பாலான மருந்துகளுக்கு வெள்ளை அணு ஆகக் குறையும் காலம். நீங்கள் சொல்லும் பத்தாம் நாள் சரியாக அதன் நடுவில் விழுகிறது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி புகுந்தால் சீழ் கட்டாது, வீங்காது, சிவக்காது, சளியும் பெரிதாக வராது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த ஒரே அடையாளத்தையும் பனடோல் மறைத்துவிடும். மறைந்த பிறகு உள்ளே கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும், ஆள் "சுகம்" என்பார், சில மணித்தியாலத்தில் கை கால் குளிர்ந்து பிரஷர் இறங்கிவிடும். அப்படி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், காலையில் தேத்தண்ணீர் கேட்டவர் மத்தியானம் ஐ.சி.யூ.வில் இருப்பார்.

ஆகவே வீட்டில் ஒரு வெப்பமானி வையுங்கள், தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். 38 செல்சியஸ், பரன்ஹைட்டில் 100.4, அதற்கு மேல் போனால் நேரம் என்ன என்று பார்க்காமல் புறப்படுங்கள், நடுச்சாமம் ஆனாலும் சரி. குளிர்ந்து நடுங்கினால் வெப்பமானி என்ன காட்டினாலும் புறப்படுங்கள். 1990க்கு அடித்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும், ஊரடங்கிலும் ஓடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: "இவ கீமோ எடுக்கிறா, பத்து நாளாச்சு, காய்ச்சல்." கொப்பியை நீட்டிக்கொண்டே சொல்லுங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் இந்த நாட்களில் கொரோனா வரிசையில்தான் நிறுத்துவார்கள், கீமோ என்று சொன்னால்தான் அவசரம் விளங்கும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஊசி போட வேண்டும் என்பது எங்களுக்குப் படிப்பித்த பாடம். கொரோனா டெஸ்டும் எடுப்பார்கள், எடுக்கட்டும். பொசிட்டிவ் என்று வந்தால்கூட, நோய் முற்றிப் போவதற்கு முதல் தெரிந்துகொண்டோம் என்று நினையுங்கள்.

கொழும்பில் நமக்கு இன்னொரு தலையிடியும் இருக்கிறது. டெங்கு. மழை பெய்த பிறகு வரும் காய்ச்சலில் அதையும் நினைக்க வேண்டும், கீமோவால் ஏற்கெனவே இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருப்பவருக்கு டெங்கும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து. உடம்பு நோவுக்கு என்று அஸ்பிரின், டைகுளோபெனக், இபுபுரோபென் எதையும் பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். பப்பாசி இலைச்சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

வாசலில் ஒட்டும் நோட்டீஸ் பதினாலு நாளில் கிழிந்துவிடும் தம்பி. அதற்குப் பயந்து மனைவியைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒப்பரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது தமொக்சிபென் குளிசை மட்டும் குடிக்கிறேன். இன்னும் ஆறு நாளுக்குத்தான் இருக்கிறது. கிளினிக் போகப் பயம். கொரோனா முடியும்வரை நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தியாவது கூடும் இல்லையா? – வாசகி, மட்டக்குளி

நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி கூடப் போவதில்லை அம்மா, ஏனென்றால் தமொக்சிபென் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து இல்லை. அது ஹோர்மோனைத் தடுப்பது. வெள்ளை அணுவைக் கீமோ போல இறக்காது. நிறுத்தினால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை, நட்டம் உண்டு. ஹோர்மோனைக் குறைக்கும் லெட்ரசோல் குடிப்பவர்களுக்கும் இதே பதில்தான். கிளினிக்குக்கு போன் பண்ணி மருந்தைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், 2020 ஊரடங்கிலிருந்தே அரசாங்க ஆஸ்பத்திரிகள் கிளினிக் மருந்தை வீட்டுக்குத் தபாலில் அனுப்பி வந்தன. விலாசத்தைத் தொடர்மாடி இலக்கம், மாடி, போன் நம்பர் சகிதம் தெளிவாகக் கொடுங்கள். அது வந்து சேரும்வரை, கொப்பியில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் போட்டோ எடுத்துப் பக்கத்து பார்மசிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு கிழமைக்கு வாங்கி வையுங்கள். கடைசிக் குளிசை வரை காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு லிம்போமா. 68 வயது. தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. சைனோபார்ம் சரிவராது, பைசர் வரும்வரை பொறுங்கள் என்று லண்டனிலிருந்து சித்தப்பா சொல்கிறார். – மகன், வெள்ளவத்தை

சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள், ஆனால் பொறுக்க வேண்டாம். இலங்கையில் 2021இல் போடும் ஊசிகளில் சைனோபார்ம், அஸ்ட்ராசெனெகா, பைசர், மொடேர்னா, ஸ்புட்னிக் எதிலுமே உடம்புக்குள் பெருகி நோயாக மாறக்கூடிய உயிருள்ள கொரோனா வைரஸ் இல்லை. ஆகவே கான்சர் நோயாளிக்கு ஊசியால் கொரோனா வரும் என்ற பயம் தேவையில்லை. டெல்ட்டா என்ற கொரோனா வகை ஊரெல்லாம் பரவும் நேரத்தில் ஒன்றுமில்லாமல் காத்திருப்பதைவிடக் கிடைப்பதைப் போட்டுக்கொள்வது மேல்.

ஆனால் ஒரு உண்மையை அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான லிம்போமா, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் அணுக்களிலேயே வரும் நோய். அதற்குக் கொடுக்கும் மருந்துகளும், முக்கியமாக ரிடுக்சிமாப், அந்த அணுக்களையே அழிக்கின்றன. அதனால் இவர்களுக்கு ஊசி போட்டாலும் மற்றவர்களுக்கு வரும் அளவு பாதுகாப்பு வராமல் போகலாம். எந்தக் கிழமையில் போட்டால் கொஞ்சமாவது கூடுதலாக வேலை செய்யும் என்பதை, மருந்து ஏற்றும் திகதிகளைப் பார்த்து அவருடைய டொக்டர் சொல்வார். ஊசி போடும் இடத்துக்குப் போகமுதல் கேளுங்கள். மூன்றாவது டோஸ் இப்படியானவர்களுக்கு 2021இல் சில நாடுகளில் தொடங்கியது. இங்கேயும் பேச்சு வரும்போது அப்பாவின் பெயரைக் கொடுக்கக் கிளினிக்கில் சொல்லி வையுங்கள்.

அப்பாவின் பாதுகாப்பில் பெரும் பங்கு உங்கள் கையில் இருக்கிறது மகன். நீங்கள், அம்மா, தங்கச்சி, வீட்டு வேலைக்கு வருகிறவர், எல்லாரும் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ராணுவம் விகாரமகாதேவி பூங்காவில் இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டம் என்று திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். திரும்பவும் போங்கள். அப்பாவுக்கு நீங்கள் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது இப்போதைக்கு வேறில்லை.

நாங்கள் ஹட்டன் பக்கம். அம்மாவுக்குத் தொண்டையில் கான்சர். மகரகமையில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைக்க வேண்டும் என்று கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறோம். பாதி முடிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதால் வீட்டுக்கார மாமிக்குப் பயம். சாடைமாடையாகப் போகச் சொல்கிறார். ஊருக்குப் போய்விட்டு ஊரடங்கு முடிய வரட்டுமா? – வாசகி, தெமட்டகொடையிலிருந்து

வேண்டாம் பிள்ளை, பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கீமோவை ஒரு கிழமை தள்ளுவது வேறு, கரண்டை நடுவில் விடுவது வேறு. கிழமைக்கு ஐந்து நாள் என்று கணக்குப் பண்ணிக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடைவெளி விட்டால் அடிபட்ட கான்சர் கலங்கள் திரும்பப் பெருகத் தொடங்கிவிடும், தலை, கழுத்துப் பகுதிக் கான்சர்களில் இது இன்னும் வேகம். ஓரிரு நாள் தவறினால் அவர்களே ஈடுசெய்ய வழி பார்ப்பார்கள், மாதக்கணக்கில் போனால் இதுவரை பட்டதெல்லாம் வீணாகிவிடும்.

கீமோ என்றால் கண்டி, கராப்பிட்டி, மட்டக்களப்பு, தெல்லிப்பளை என்று வேறு இடங்களும் இருக்கின்றன, ஊருக்குக் கிட்ட மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கரண்டை நடுவில் இடம் மாற்றுவது லேசில்லை, அளவெடுத்து முகமூடி செய்து அந்த மெஷினுக்கென்றே திட்டம் போட்டிருப்பார்கள். அதனால் தங்குமிடத்தைத்தான் மாற்றப் பாருங்கள். வார்டில் சேர்த்துக்கொண்டு செய்ய முடியுமா என்று டொக்டரிடம் நேரே கேளுங்கள், தூர இடத்திலிருந்து வந்தவர்கள், தங்க இடமில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குச் சுற்றிலும் நோயாளிகளுக்கென்று தங்குமிடம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள், வார்டில் மிஸிமாருக்கோ சாமான் விற்கும் கடைக்காரருக்கோ அதெல்லாம் அத்துப்படி.

மாமியிடமும் ஒரு தடவை மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். போய் வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் உடுப்பை மாற்றுவோம், தனியாகச் சாப்பிடுகிறோம், இன்னும் இத்தனை நாள்தான் பாக்கி என்று திகதியைச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரியாத பயம்தான் அவருக்குப் பெரிதாக இருக்கும். மாமி, இதை நீங்கள் வாசித்தால், கான்சர் ஒட்டாது, கரண்ட் வைத்து வந்தவரின் உடம்பிலிருந்து கதிரும் வராது. கொரோனாவுக்குத்தான் மாஸ்க் இருக்கிறது. தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கவே முடியாத ஒரு மனுசிக்கு உங்கள் வீட்டு அறை எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே தெரியும்.

பால்மா எங்கும் இல்லை. சதொசவில் (அரசாங்கக் கடையில்) இரண்டு தரம் வரிசையில் நின்றும் முடிந்துவிட்டது. கீமோ எடுக்கும் என் கணவர் பாலில்தான் உயிர் வாழ்கிறார். எதிர்ப்புச் சக்திக்கு என்று கொத்தமல்லி, பஸ்பங்குவ (ஐந்து மூலிகைக் கஷாயம்), மஞ்சள் ஆவி, எல்லாம் சொல்கிறார்கள். எதைச் செய்வது? – வாசகி, தெஹிவளை

முதலில், கணவரை வரிசையில் நிறுத்த வேண்டாம், நீங்களும் நிற்க வேண்டாம். பால்மா இல்லாமல் கான்சர் நோயாளி நன்றாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது புரதமும் பலமும்தான். உழுத்தம்மாக் கஞ்சி, பயற்றங்கஞ்சி, நன்றாக அவித்துக் கடைந்த பருப்பு, முழுதாக அவித்த முட்டை, முள்ளெடுத்த மீன் போட்ட தண்ணிச் சொதியோடு இடியப்பம். வாயில் புண் இருந்தால் உறைப்பையும் தேசிக்காயையும் விட்டுவிட்டு, சூடு ஆறிய பிறகு கொடுங்கள். மூன்று வேளை நிறையச் சாப்பிடு என்று வற்புறுத்தினால் வாந்திதான் வரும், இரண்டு மணிக்கொரு தடவை சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டு மணம் பிரட்டினால் சமைக்கும் நேரம் அவரை பல்கனிக்கு அனுப்பிவிடுங்கள். சோறு ஆறினால் மணம் குறையும்.

கொத்தமல்லித் தண்ணீர் தேத்தண்ணீருக்குப் பதிலாக ஒரு கோப்பை குடிப்பதில் தவறில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொரோனாவை அது தடுக்காது. பல மூலிகை சேர்த்துக் குறுக்கிய கஷாயம், தூள், குளிசை, பாணி இவற்றைக் கீமோ நடக்கும் காலத்தில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஈரலும் சிறுநீரகமும் கீமோ மருந்தை வெளியேற்றப் படும்பாடு போதும், அவற்றின்மேல் இன்னொரு சுமை ஏற்றக்கூடாது, சில மூலிகைகள் மருந்தின் வேகத்தையே மாற்றிவிடும். 2020 டிசம்பரில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட பாணியை வாங்கக் கேகாலையில் முண்டியடித்த கூட்டத்தை எல்லாரும் டீவியில் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் கான்சர் நோயாளிகளும் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆவி பிடிக்கவும் வேண்டாம், கீமோவில் மெலிந்துபோன தோலும் வாயும் சூட்டைத் தாங்காது, சுட்டுவிட்டால் அந்தப் புண் வழியாகக் கிருமி புகும்.

வாய்ப் புண்ணுக்கு, ஆறவைத்த கொதித்த தண்ணீர் ஒரு கிளாசில் உப்பும் அப்பச்சோடாவும் ஒவ்வொரு சிட்டிகை போட்டு நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ்தான் பாவிக்க வேண்டும்.

எனக்கு 44 வயது, மூன்று பிள்ளைகள். கீமோ தொடங்கியதிலிருந்து என்னைப் பாதுகாக்கிறோம் என்று தனி அறையில் வைத்திருக்கிறார்கள். தட்டு கதவடியில் வரும். கடைக்குட்டிக்கு ஆறு வயது, கதவுக்கு வெளியில் நின்று அம்மா என்று கூப்பிடுகிறான், உள்ளே விட மாட்டார்கள். கீமோவுக்கும் கணவரை உள்ளே விடுவதில்லை, தனியேதான் இருக்க வேண்டும். நோயைவிட இதுதான் என்னைக் கொல்கிறது. யாரிடம் சொல்ல? – வாசகி, பம்பலப்பிட்டி

என்னிடம் சொன்னீர்களே, நல்லது. இதை உங்கள் கணவரும் வாசிக்க வேண்டும், பத்திரிகையை அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் செய்வது அன்பினால்தான், ஆனால் அளவு மிஞ்சிவிட்டது. கொரோனா வந்தவரை வைக்கும் முறையில் உங்களை வைத்திருக்கிறார்கள், உங்களுக்குத்தான் கொரோனா இல்லையே. காக்க வேண்டியது வெளியிலிருந்து வருவதை. வெளியே போய் வரும் ஒருவர், பெரும்பாலும் கணவராக இருக்கும், அவர்தான் உங்களுக்குக் கிட்ட வரும்போது மாஸ்க் போட்டு, கை கழுவி, கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். வீட்டை விட்டு அசையாமல் ஸூமில் படிக்கும் பிள்ளைகள், காய்ச்சல், தடிமன் இல்லாதவர்கள், கை கழுவிவிட்டு ஜன்னல் திறந்த அறையில் உங்கள் பக்கத்தில் உட்காரலாம். கட்டிலில் சாய்ந்து கதை கேட்கலாம். உங்கள் வெள்ளை அணு ஆகக் குறைந்திருக்கும் அந்தக் கிழமையில் மட்டும் கொஞ்சம் கவனம் கூட்டுங்கள், அது எந்தக் கிழமை என்று டொக்டர் சொல்வார், அந்த நாட்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளை வரட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று விளங்காது, தான் ஏதோ பிழை செய்ததால் அம்மா வரவில்லை என்றுதான் நினைக்கும். பிளாஸ்டிக் தட்டைக் கதவடியில் தள்ளுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். எல்லாரும் மேசையில் சாப்பிடும் நேரம் நீங்கள் ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்து சாப்பிடலாம், கையெட்டாத தூரம் இருந்தால் சரி.

கீமோ ஏற்றும் அந்தக் கதிரையில் நாலைந்து மணித்தியாலம் தனியே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், கொரோனாவுக்கு முதல் பக்கத்தில் ஒரு தங்கச்சியோ மச்சாளோ இருந்து கை தடவிவிடுவார்கள், இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கும். போனை முழுக்க சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கள், இயர்போனும் மறக்க வேண்டாம். ஊசி ஏறும் நேரம் கணவர் வெளியில் வாகனத்தில் இருந்துகொண்டே வீடியோவில் வரலாம், பேச வேண்டும் என்றுகூட இல்லை, இருந்தால் போதும். பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் பேசுங்கள். அவர் தமிழோ சிங்களமோ, மாஸ்க்குக்கு மேலே தெரிவது அதே கண்தான், அங்கே ஆரம்பித்த சினேகிதங்கள் எத்தனையோ வருடம் நீடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரவில் நித்திரை வராமல், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அடுத்த கிளினிக்கில் டொக்டர் "எப்படி" என்று கேட்கும்போது வாந்தி, வயிற்றோட்டம் மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது, அதுவும் உங்கள் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

கீமோவுக்குப் பிறகு எல்லாமே இரும்பு மாதிரி ருசிக்கிறது. கொரோனாவுக்கும் ருசி போகும் என்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், மருதானை

கீமோவில் ருசி மெதுவாக மாறும், கசக்கும், இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கோப்பி மணமாவது தெரியும். கொரோனாவில் மணம் திடீரென்று அடியோடு போய்விடுவதுண்டு. ஆனால் டெல்ட்டாவில் மணம் போகாமலே தடிமன், தலையிடி மட்டும் வருவதும் உண்டு. ஆகவே மூக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். புதிதாக எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் பண்ணி டெஸ்ட் ஒன்று கேளுங்கள். பொசிட்டிவ் என்றால் 1390இல் (2021இல் கொரோனா நோயாளிகளுக்கு இருந்த இலக்கம்) பேசும்போதும் கீமோ எடுப்பவர் என்பதை முதலில் சொல்லுங்கள், உங்களை வீட்டில் வைத்துப் பார்ப்பதா சேர்ப்பதா என்பது அதைப் பொறுத்தது. இரத்தத்தில் ஒட்சிசன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் ஒன்று கிடைத்தால் வாங்கி வையுங்கள், 94க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது. ஒன்று போதுமா? – வாசகி, கிராண்ட்பாஸ்

இரத்தம் குறைந்திருந்தாலும் மூச்சு முட்டும், மாஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முதல் அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஆஸ்பத்திரிக்குள் நல்ல சேர்ஜிக்கல் மாஸ்க் ஒன்றை மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் போட்டால் ஒன்றே போதும். ஈரமானால் மாற்ற இன்னொன்று கைப்பையில் இருக்கட்டும். வெளியில் ஆளில்லாத இடத்தில் கழற்றி நாலு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பப் போடுங்கள்.